சிபில் 588: வட்டி கூடுன கார்டு வாங்கி ஸ்கோரை ஏத்தலாமா, இல்ல எஃப்.டி. போட்டு கார்டு வாங்கலாமா?

பேட்டைரோடு எழுதியது:

பேங்க் வேலை, லோன் வேலை தெரிஞ்ச நம்ம ஊர்க்காரங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க. போன வாரம் சிபில் ரிப்போர்ட், அதான் வாங்குன கடனை எப்படிக் கட்டினோம்னு காட்டுற அறிக்கை, எடுத்தேன். ஸ்கோர் 588. உள்ளே கிடக்கிறதை அப்படியே எழுதுதேன்.

பைக் லோன்ல 2023-ல தொடர்ந்து மூணு தவணை விட்டுப்போச்சு. டி.பி.டி. கட்டத்துல, அதாவது தவணை தேதி தாண்டி எத்தனை நாள் ஆச்சுன்னு காட்டுற கட்டத்துல, 030, 061, 091-ன்னு நிக்கு. அப்புறம் மொத்தமும் கட்டி முடிச்சாச்சு, 'குளோஸ்டு'ன்னுதான் காட்டுது. பழைய கிரெடிட் கார்டு ஒண்ணு, பாக்கி 64,000. பேசி 38,000-க்கு முடிச்சது. அதுல 'செட்டில்டு'ன்னு இருக்கு. நகைக்கடன் ஒண்ணு ஒழுங்கா ஓடுது. கடைசி நாலு மாசத்துல ஆப்புல லோன் கேட்டதுக்கு ஏழு என்கொயரி, அதாவது கடன் தாரவங்க ஏழு தடவை என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்திருக்காங்க.

ஒன்றரை வருஷத்துல கடைக்கு லோடு ஆட்டோ எடுக்கணும். வண்ணாரப்பேட்டையில ஒரு ஏஜென்ட், "ஸ்கோர் கம்மியா இருந்தாலும் கார்டு வாங்கித் தாரேன்"ங்கார். லிமிட் 25,000, சேர்க்கைக் கட்டணம் 1,499 போக ஜி.எஸ்.டி., வட்டி மாசம் 3.75 சதவீதம். "மினிமம் மட்டும் கட்டிட்டு வாங்க, ஸ்கோர் தானா ஏறும்"னு சொல்லுதார். கையில 30,000 இருக்கு. அதை எஃப்.டி. போட்டு கார்டு வாங்கலாமா? இல்ல, செட்டில் பண்ணுனதுல விட்ட 26,000-ஐக் கட்டணுமா? எது முதல்ல?


மேலரதவீதி:

அண்ணாச்சி, அந்த ஏஜென்ட் சொன்ன கடைசி வரியை முதல்ல மனசுல இருந்து எடுத்துருங்க. மினிமம், அதாவது பில்லுல போட்டிருக்கிற குறைஞ்ச தொகையை மட்டும் கட்டினா லேட்னு விழாது, அந்த மட்டுக்கும் சரி. ஆனா பாக்கி அப்படியே நிக்கும். லிமிட் 25,000-ல 20,000 நிக்குன்னா ரிப்போர்ட்ல பார்க்கிறவனுக்கு 'கழுத்து வரைக்கும் கடன்'ன்னுதான் தெரியும். ஸ்கோர் அதுலயே இறங்கும்.

இன்னொண்ணு, கார்டு என்ன வட்டிக்கு இருக்குங்கிறதுக்கும் ஸ்கோருக்கும் சம்பந்தமே இல்லை. 45 சதவீத வட்டிக் கார்டு கூடுதலா ஏத்தாது, 30 சதவீத வட்டிக் கார்டு குறைச்சலா ஏத்தாது. தேதிக்குக் கட்டினீங்களா, லிமிட்டுல எவ்வளவு பாக்கி நிக்கு, எத்தனை வருஷமா ஓடுது, புதுசா எத்தனை இடத்துல கேட்டிருக்கீங்க: ஸ்கோர் முக்கியமா பார்க்கிறது இதைத்தான். வட்டி உங்க பையில இருந்து போறதுக்கு மட்டும்தான்.

அந்தப் பை எப்படிக் காலியாகும்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுதேன். ஜூன் 5-ம் தேதி வீட்டுக்கு 10,000 ரூபாய்க்கு ஒரு கிரைண்டர் வாங்குதீங்க. பில் தேதி ஜூன் 20, கட்ட வேண்டிய கடைசி நாள் ஜூலை 8. அன்னைக்கு முழுசும் கட்டினா வட்டி ஒத்த ரூபாய் கிடையாது. ஆயிரம் மட்டும் கட்டினா, பலரும் நினைக்கிற மாதிரி ஜூலை 8-ல இருந்து 9,000-க்கு மட்டும் வட்டி ஓடாது. வாங்குன ஜூன் 5-க்கே திரும்பிப் போகும். ஜூன் 5-ல இருந்து ஜூலை 8 வரைக்கும் 33 நாளைக்கு 10,000-க்கு வட்டி 407 ரூபாய். அதுக்கப்புறம் ஜூலை 20 வரைக்கும் 12 நாளைக்கு 9,000-க்கு 133. ரெண்டும் 540. அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 97. ஆக 637. ஆயிரம் கட்டி, கடன் குறைஞ்சது 363 ரூபாய்.

இதைவிட மோசம் என்னன்னா, பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா வாங்குற எதுக்கும் வட்டியில்லா நாள் கிடையாது. ஜூலை 10-ல 500 ரூபாய்க்கு மருந்து வாங்கினாலும் அன்னைக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சிரும்.

நம்ம ஊர்க் கணக்குல சொன்னா இது நூத்துக்கு மூணே முக்கா வட்டி. ஜி.எஸ்.டி. சேர்த்தா நூத்துக்கு நாலு ரூவா நாப்பத்திரெண்டு காசு. இதுக்கு மேல்வரம்புன்னு இப்போ ஒண்ணும் இல்லை. 30 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர்ல ரத்து பண்ணிட்டு. அதனால "கூடுதல் வட்டி"ன்னு சொல்லி யாரும் வந்து காப்பாத்த மாட்டாங்க, நாமதான் பாக்கி வைக்காம இருக்கணும்.

அந்த 1,499 கார்டு வேண்டாம். ஜி.எஸ்.டி.யோட 1,769 ரூபாய். கார்டு கைக்கு வர்ற முன்னாடியே லிமிட்டுல அது ஏறி உட்கார்ந்திருக்கும். இதுக்கு விண்ணப்பம் போட்டா எட்டாவது என்கொயரி வேற.


பொதிகைக்காத்து:

மேலரதவீதி சொன்னதுக்கு மேல எஃப்.டி. கார்டு பத்தி மட்டும் சொல்லுதேன். 588-ல இருக்கிறவங்களுக்கு நடைமுறைக்கு ஒத்துவர்றது அதுதான். டெபாசிட்டைப் பிடிமானமா வச்சுக்கிட்டுத் தாரதால பழைய ஸ்கோரைப் பெருசா பார்க்க மாட்டாங்க.

எந்த பேங்க் கார்டோ, அதே பேங்க்லதான் டெபாசிட் இருக்கணும். போஸ்ட் ஆபீஸ் டெபாசிட், சொசைட்டி டெபாசிட்டைக் காட்டிக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பான், ஆதார், ரெண்டு போட்டோவோட கிளைக்குப் போயி, "டெபாசிட் மேல கார்டு இருக்கா, குறைஞ்ச தொகை என்ன, லிமிட் எத்தனை சதவீதம், ஆண்டுக் கட்டணம் உண்டா"ன்னு நாலையும் கேளுங்க. லிமிட் பெரும்பாலும் டெபாசிட்டுல 80-ல இருந்து 100 சதவீதத்துக்குள்ள வரும். சில பேங்க்ல ஆப்புலயே முடிச்சிரலாம். டெபாசிட்டைத் தானா புதுப்பிக்கிற மாதிரி போடுங்க, நாமினி எழுதுங்க. கார்டு ஓடுற வரைக்கும் அந்தப் பணத்தை எடுக்க முடியாது. அதனால ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு ஒதுக்கி வச்ச காசை இதுல போட்டுறாதீங்க. டெபாசிட்டுக்குரிய வட்டி உங்களுக்கு வந்துக்கிட்டே இருக்கும்.

ரெண்டு விஷயத்தைக் கண்டிப்பா கேட்டுக்கிடணும். ஒண்ணு, இந்தக் கார்டை நாலு பீரோவுக்கும், அதாவது நம்ம கடன் விவரத்தைச் சேர்த்து வச்சு ஸ்கோர் போடுற கம்பெனிகளுக்கு, ரிப்போர்ட் பண்ணுதாங்களான்னு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நாலும். லோடு ஆட்டோவுக்குக் கடன் தார ஃபைனான்ஸ் கம்பெனி இந்த நாலுல எதை வேணும்னாலும் பார்க்கும். இன்னொண்ணு, இது நிஜமான கிரெடிட் கார்டுதானா, இல்ல முன்கூட்டியே பணம் ஏத்துற ப்ரீபெய்டு கார்டான்னு. ப்ரீபெய்டு, டெபிட் ரெண்டும் ரிப்போர்ட்டுக்கே போகாது.

இப்போ பலபேர் விழுற குழி. "எஃப்.டி. இருக்குல்லா, கட்டலைன்னா அதுல பிடிச்சுக்கிடுவாங்க"ன்னு அசால்ட்டா விட்டுருவாங்க. பேங்க் பிடிச்சுக்கிடும், உண்மைதான். ஆனா அதுக்கு முன்னாடியே 30 நாள், 60 நாள்னு டி.பி.டி. விழுந்திருக்கும். பணமும் போயி பேரும் போயிரும். டெபாசிட் பேங்குக்குத்தான் பாதுகாப்பு, உங்க ஸ்கோருக்கு இல்லை.

பயன்படுத்துற விதம்: 25,000 லிமிட்னா மாசம் 2,000-ல இருந்து 5,000 வரை போதும். எப்படியும் கட்டப்போற செலவா இருக்கட்டும். போன் ரீசார்ஜ், இ.பி. பில், பெட்ரோல். லிமிட்டுல 30 சதவீதத்துக்கு மேல பாக்கி தெரியாம இருக்கிறது நல்லது, அதாவது 7,500. ஒரு மாசம் கூடுதலா போயிட்டுன்னா பில் தேதிக்கு முன்னாடியே ஒரு பகுதியைக் கட்டிருங்க, பில்லுலயே குறைஞ்சுதான் விழும். 2025 ஜனவரியில இருந்து பேங்குகள் குறைஞ்சது மாசத்துக்கு ரெண்டு தடவையாவது கணக்கை பீரோவுக்கு அனுப்பணும்னு ரிசர்வ் வங்கி விதி. அதனால மாற்றம் முன்னைவிடச் சீக்கிரம் தெரியும்.

ஆட்டோ டெபிட் போடும்போது திரையை நிறுத்திப் படிங்க. 'மினிமம்', 'முழுத் தொகை'ன்னு ரெண்டு வட்டம் இருக்கும். மினிமத்துல புள்ளி முன்னாடியே விழுந்து கிடக்கிறது உண்டு. கவனிக்காம ஓ.கே. கொடுத்தா மாசாமாசம் வட்டி ஏறிக்கிட்டிருக்கும், நீங்க ஒழுங்கா கட்டுதோம்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க. கணக்குல பணம் இருக்கான்னு ரெண்டு நாள் முன்னாடி பாருங்க. டெபிட் திரும்பிட்டுன்னா அதுக்கு ஒரு தண்டம், லேட்டுக்கு ஒரு தண்டம்.

ரூபே கார்டா வாங்கினா யு.பி.ஐ.யில இணைச்சு கடை கியூ.ஆர். ஸ்கேன் பண்ணிக் கட்டலாம். வசதிதான், ஆனா டீக்கடை, காய்கறிக்கடைன்னு இழுத்தா 5,000 எங்கே போச்சுன்னே தெரியாது. ஸ்கோர் ஏத்துறதுக்குன்னு வாங்குற கார்டை யு.பி.ஐ.யில இணைக்காம இருக்கிறதே மேல்.

ஏ.டி.எம்.ல அந்தக் கார்டைச் செருகவே செருகாதீங்க. எடுத்த அந்த நிமிஷத்துல இருந்து வட்டி, தனியா கட்டணம் வேற.


தச்சநல்லூர் லெட்ஜர்:

ரெண்டு பேரும் கார்டைப் பத்திச் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா வரிசை முக்கியம். 'செட்டில்டு' அப்படியே கிடந்தா ஸ்கோர் 720 வந்தாலும் லோடு ஆட்டோ ஃபைல் மேசையில நிக்கும். லோன் போடுறவர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறது இல்லை. கணக்கு கணக்கா கீழே இறங்கிப் படிப்பார். 'செட்டில்டு'ங்கிறதுக்கு அவர் அகராதியில அர்த்தம், 'இவருக்காக ஒரு பேங்க் நஷ்டப்பட்டிருக்கு'.

அதனால அந்தப் பழைய பேங்குக்கு முதல்ல ஒரு கடிதம் எழுதுங்க. மின்னஞ்சல்ல போனா நல்லது, தேதி நிக்கும். கேட்க வேண்டியது மூணு: இன்னைக்கு என் கணக்குல தள்ளுபடி பண்ணின தொகை எவ்வளவு, அதைக் கட்டினா 'குளோஸ்டு'ன்னு பீரோக்களுக்கு மாத்தி அனுப்புவீங்களா, நிலுவை இல்லைன்னு சான்று எத்தனை நாள்ல தருவீங்க. பதில் எழுத்துல வந்த பிறகுதான் பணம். போன்ல "கட்டிருங்க சார், மாத்திருவோம்"னு சொல்றதை நம்பி ஒரு ரூபாய் கூடக் கட்டாதீங்க. வசூல் ஏஜென்ட் சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பாதீங்க, கார்டு கணக்கு எண்ணுக்கோ கிளையிலோ கட்டி ரசீது வாங்குங்க.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. அந்த 26,000-ல அசலும் உண்டு, வட்டி, லேட் கட்டணம் எல்லாம் உண்டு. "கட்டணத்தைக் கழிச்சுட்டு 15,000 கட்டுங்க"ன்னு பேங்கே இறங்கி வரலாம். சந்தோஷப்பட்டு ஒத்துக்கிடாதீங்க. அதுவும் குறைச்சுக் கட்டினதுதான்னு மறுபடி 'செட்டில்டு'ன்னே போட வாய்ப்பு இருக்கு. கழிச்சாலும் 'குளோஸ்டு'ன்னு போடுவோம்னு எழுதித் தந்தா மட்டும் சரின்னு சொல்லுங்க.

சான்று கைக்கு வந்தப்புறம் ரிப்போர்ட் மாறலைன்னா, பீரோ தளத்துல டிஸ்பியூட் போடுங்க, சான்றோட நகலை இணைச்சு. புகார் கொடுத்து 30 நாளைக்குள்ள முடிக்கணும். தாண்டினா ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு. இது 2024 ஏப்ரல் 26-ல இருந்து நடைமுறையில இருக்கு. அந்த 30-ல 21 நாள் பேங்க் பதில் சொல்ல வேண்டிய காலம். பேங்க் இழுத்தா பேங்க் கொடுக்கணும், பீரோ இழுத்தா பீரோ கொடுக்கணும். அதுக்கும் மசியலைன்னா ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன், அதாவது புகார் விசாரிக்கிற அதிகாரி, 14448-க்கு போன் பண்ணினா வழி சொல்லுவாங்க, கட்டணம் கிடையாது.

ஆனா சான்று வந்தாலும் 2023-ல விழுந்த 030, 061, 091 அழியாது. அது நடந்த விஷயம், டிஸ்பியூட் போட்டும் பயன் இல்லை. ரிப்போர்ட்ல கடைசி 36 மாசத்துக் கட்டம்தான் தெரியும். நாள் போகப் போக அது பின்னால நகர்ந்து விழுந்துரும். "8,000 கொடுங்க, உள்ளே ஆள் வச்சு அழிச்சுத் தாரோம்"னு ஜங்ஷன் பக்கம் நோட்டீஸ் ஒட்டுறவங்க, உங்க பேர்ல கண்ணை மூடிக்கிட்டு நூறு டிஸ்பியூட் போடுறாங்க, அவ்வளவுதான். ஓ.டி.பி.யும் அவங்க கையில போயிரும்.


பேட்டைரோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். 30,000-தான் இருக்கு, ரெண்டும் ஒண்ணா முடியாது. நகைக்கடன் இன்னும் ரெண்டு மூணு தனித்தனியா வச்சு, கட்டிக் காட்டினா ஸ்கோர் ஏறுமா? சீட்டு மாசம் 5,000 பிசகாம கட்டுதேன், மேலப்பாளையத்துல தெரிஞ்சவங்ககிட்ட கைமாத்தும் வாங்கித் திருப்பியிருக்கேன், அதெல்லாம் இதுல சேராதா?


அம்பைக் கணக்கு:

தம்பி, சீட்டும் கைமாத்தும் சேராது. பீரோவுக்குத் தகவல் அனுப்புறது பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி மாதிரி உறுப்பினர்கள் மட்டும்தான். நீங்க பத்து வருஷம் பிசகாம சீட்டு கட்டினாலும் அது அங்கே வெத்துத் தாள். ஆனா வீட்டுல மகளிர் குழுவுல பேங்க் மூலமாவோ மைக்ரோ ஃபைனான்ஸ்லயோ கடன் வாங்கியிருந்தா அது சேரும், அவங்க பேர்ல.

நகைக்கடன் சேரும். ஆனா ஸ்கோருக்காகவே தேவையில்லாம மூணு நகைக்கடன் வைக்காதீங்க. வட்டி சும்மா போகும். ஒவ்வொண்ணும் ஒரு புதுக் கடன், ஒரு என்கொயரி. இருக்கிற ஒண்ணை ஒழுங்கா முடிச்சாலே போதும். நகைக்கடன்ல நம்மாளுக செய்ற தப்பு, முடிவு தேதி தாண்டி ஒரு மாசம் கழிச்சு, "வட்டியைக் கட்டி மாத்தி வச்சுக்கிடலாம்"னு போறது. கவுண்டர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா அந்த ஒரு மாசம் டி.பி.டி. கட்டத்துல நின்னுரும். அடகுச் சீட்டுல இருக்கிற முடிவு தேதியைக் காலண்டர்ல எழுதி வைங்க, ஒரு வாரம் முன்னாடியே போங்க. ஏலம் வரைக்கும் விட்டா அதுவும் ரிப்போர்ட்ல ஏறும், நகையும் போகும்.

எது முதல்ல? தச்சநல்லூர் லெட்ஜர் செட்டில்டு முதல்லங்கார். கொஞ்சம் மாறிச் சொல்லுதேன். ஒன்றரை வருஷம் கையில இருக்குல்லா. பேங்க்ல இருந்து எழுத்துல பதில் வரவே நாளாகும். இன்னைக்கே கடிதத்தை அனுப்பிருங்க. 10,000 இல்ல 15,000-க்கு எஃப்.டி. கார்டு தார பேங்க் எதுன்னு விசாரிச்சு, அந்தச் சின்னத் தொகையில கார்டை ஆரம்பிச்சிருங்க. கார்டுக்கு வேண்டியது பணம் இல்லை, மாசங்கள். லிமிட் 10,000-ஆ இருந்தாலும் 18 மாசம் சுத்தமான கட்டம் விழும். மாசம் 2,500-க்கு மேல இழுக்காதீங்க. மிச்சம் இருக்கிறதைத் தனியா வச்சு, மாசம் கொஞ்சம் சேர்த்து, பதில் வந்ததும் அந்த 26,000-ஐ ஒரே தடவையில கட்டுங்க. லோனுக்குப் போறதுக்கு நாலஞ்சு மாசம் முன்னாடியாவது அது 'குளோஸ்டு' ஆகியிருக்கணும்.

அதுவரைக்கும் ஆப்புல "உங்க லோன் தகுதியைப் பாருங்க"ன்னு வர்ற எதையும் அழுத்தாதீங்க. ஏழு என்கொயரியே அதுல வந்ததுதான். நீங்களா உங்க ரிப்போர்ட்டைப் பார்க்கிறது என்கொயரியில சேராது. நாலு பீரோவும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். மூணு மாசத்துக்கு ஒரு பீரோன்னு மாத்தி மாத்தி எடுத்தா வருஷம் பூரா செலவில்லாம கண்காணிக்கலாம்.

கார்டு பில் கட்ட யார்கிட்டயும் வட்டிக்கு வாங்காதீங்க தம்பி. கந்து வட்டித் தடைச் சட்டம் 2003-லயே வந்தும் நம்ம பக்கம் அது ஒழியலை. 2,500 ரூபாய் பில்லைக் கட்ட முடியாத மாசம்னா அந்த மாசம் கார்டை எடுக்காம இருந்துருங்க. ஒரு மாசம் பயன்படுத்தலைன்னா ஸ்கோருக்கு ஒண்ணும் ஆகாது.


பொதிகைக்காத்து:

அம்பைக் கணக்கு சொன்ன வரிசையே சரி, நானும் ஒத்துக்கிடுதேன். ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிடுங்க. கார்டு பயன்படுத்தாத மாசத்துலயும் பில்லைத் திறந்து பாருங்க. ஆண்டுக் கட்டணம் 499-ன்னா ஜி.எஸ்.டி.யோட 589 ரூபாய் தானா ஏறியிருக்கும். 'நாமதான் ஒண்ணும் வாங்கலையே'ன்னு விட்டதுல லேட் விழுந்த ரிப்போர்ட் எத்தனையோ உண்டு. கடைசி நாள் தாண்டி மூணு நாள் வரைக்கும் லேட்டுன்னு பீரோவுக்கு அனுப்பக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அது அவசரத்துக்கு, அதை நம்பித் தேதியைத் தள்ளிப் போடாதீங்க. மொபைல் நம்பர் மாறினா பேங்க்ல உடனே மாத்துங்க, பில் செய்தி பழைய நம்பருக்குப் போயிக்கிட்டிருக்கும்.


பேட்டைரோடு:

கடிதம் நாளைக்கே அனுப்புதேன். கடைசியா ஒண்ணு. லோடு ஆட்டோ லோன் கிடைச்சப்புறம் அந்த எஃப்.டி. கார்டை மூடிட்டு டெபாசிட்டை எடுத்துக்கிடலாமா?


தச்சநல்லூர் லெட்ஜர்:

லோன் ஒப்புதல் ஆகி வண்டி கைக்கு வர்ற வரைக்கும் மூடாதீங்க. அப்புறமும் அவசரம் இல்லைன்னா விட்டு வைங்க. ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டா இருந்தா வயசு கூடக் கூட நல்லதுதான். அதே பேங்க்கிட்ட, "டெபாசிட்டை விடுவிச்சுட்டு இதையே சாதாரண கார்டா மாத்தித் தருவீங்களா"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

மூடித்தான் ஆகணும்னா, கடைசி பில் முழுசும் கட்டி பாக்கி பூஜ்யம் ஆனப்புறம் எழுத்துல கேளுங்க. ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும். தாண்டினா நாளைக்கு 500 ரூபாய் அவங்க உங்களுக்குத் தரணும். மூடினதுக்கான செய்தி வந்த பிறகு கிளைக்குப் போயி டெபாசிட் மேல இருக்கிற பிடிமானத்தை எடுக்கச் சொல்லுங்க, சில இடத்துல கேட்டாத்தான் எடுப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ரிப்போர்ட் எடுத்து, அந்தக் கார்டுக்கு நேரா 'குளோஸ்டு', பாக்கி 0-ன்னு இருக்கான்னு பாருங்க.